ஒரே தொகுதியில் ஆறு ஓ.பன்னீர்செல்வம்: சட்டத்தில் வழியே இல்லையா?

பரமக்குடிக்காரன்:
2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் ராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில், அதே இனிஷியலில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஓட்டுப் போடப் போனவர், வெளியே வந்து, "ஒரே பெயரை எதற்கடா இத்தனை தடவை அச்சடித்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்.

நான் பன்னீர்செல்வத்தின் கட்சியும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை. எனக்குத் தெரியவேண்டியது இதுதான்: குழப்புவதற்கென்றே ஒருவரை நிறுத்தினால் அவருடைய வேட்புமனுவைத் தள்ளுபடி செய்ய முடியாதா? தோற்றவர் வழக்குப் போட்டால் நிற்குமா?

மதுரை வக்கீல்:
மனுவைத் தள்ள முடியாது ஐயா. பரிசீலனையில் பார்ப்பது வயது, வாக்காளர் பட்டியல், டெபாசிட், பிரமாணப் பத்திரம், சுயேச்சை என்றால் முன்மொழியும் பத்துப் பேர். பெயர் ஒத்துப்போவது ஒரு குறையே அல்ல. 2024 மே மாதம் இதைத் தடுக்கச் சொல்லி ஒரு பொதுநல மனு உச்ச நீதிமன்றம் போனது. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவர் போட்டியிடும் உரிமையைப் பறிக்க முடியுமா என்று நீதிபதி பி.ஆர்.கவாய் அமர்வு கேட்டது. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஒரே பெயர் வந்தால் தொழிலையோ ஊரையோ சேர்த்து அடையாளம் காட்டவேண்டும் என்று 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மா பார்த்தது வேறு சிக்கல். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் பட்டியலில் முதலில் வருவார்கள், சுயேச்சைகள் கடைசியில். அதனால் கட்சி வேட்பாளரின் பெயரில் நிற்கும் சுயேச்சை எங்கோ கீழே போய்விடுவார். பன்னீர்செல்வமோ தானே சுயேச்சை. அகரவரிசையில் ஆறு பேரும் ஒரே இடத்தில் குவிந்துவிட்டார்கள்.

வழக்கு என்றால் ஒரு வழி உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆவது பிரிவின்படி, ஒருவரை வேட்பாளராக நிற்கவைக்கப் பணமோ பொருளோ கொடுப்பது லஞ்சம். வென்றவரோ அவருடைய முகவரோ கொடுத்தார் என்று நிரூபித்தால் தேர்தலே செல்லாது. நாற்பத்தைந்து நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டும்.

நிரூபிப்பதுதான் பாடு. தோற்றுப்போன ஒருவர் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது என்னிடம் வந்தார். கையில் ஒரே ஒரு புகைப்படம்: மனுத்தாக்கல் அன்று அவருடைய பெயர்க்காரர், எதிராளியின் மைத்துனர் வேனிலிருந்து இறங்குகிறார். "வழியில் கைகாட்டி ஏறினேன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? டெபாசிட் பணம் யார் கொடுத்தது, பார்த்தவர் யார்?" என்று கேட்டேன். "ஊருக்கே தெரியும் சார்" என்றார். அந்த ஊரில் ஒரு ஆளாவது கூண்டில் ஏறுவாரா என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்; பிறகு வரவில்லை.

மற்றபடி, ராமநாதபுரத்தில் நவாஸ் கனி ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். அங்கே பெயர்க் குழப்பம் முடிவை மாற்றவில்லை. ஆலப்புழைதான் வயிற்றெரிச்சல். 2004இல் வி.எம்.சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். இனிஷியலில் ஓர் எழுத்து மாறிய இன்னொரு சுதீரன் வாங்கியது 8,282.

தொண்டி கப்பல்காரன்:
என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் ஆட்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே சட்டத்திலேயே தொல்லை வேட்பாளர் என்று ஒரு வகை உண்டு. பெயர் ஒற்றுமையால் குழப்ப நின்றவர் என்று தெரிந்தால் தேர்தல் ஆணையம் தானாகவே மனுவைத் தள்ளலாம்.

எங்கள் போசன் (கப்பலின் மேல்தள ஆட்களுக்குத் தலைவர்) செபூக்காரர். 2007 நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில் அவர் மாகாணத்தில் செலஸ்டினோ மார்ட்டினஸ் என்பவர் 104 ஓட்டில் தோற்றார். அப்போது வாக்குச்சீட்டில் பெயரைக் கையால் எழுதவேண்டும். இன்னொரு மார்ட்டினஸும் நின்றதால், வெறும் மார்ட்டினஸ் என்றிருந்த சீட்டுகள் யாருக்கென்று தெரியாமல் செல்லாதவை ஆயின. அப்படிப்பட்டவை 5,401. அந்த இன்னொருவர் தொல்லை வேட்பாளர் என்று ஆணையம் அறிவித்தது, தேர்தல் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து! உச்ச நீதிமன்றம் அந்தச் சீட்டுகளைச் செலஸ்டினோவுக்கே சேர்த்து அவரை வென்றவராக்கியது 2010 ஜனவரியில். பதவிக்காலம் மூன்றே வருடம் என்பதை நினைவில் வையுங்கள்.

மதுரை வக்கீல்:
அந்த அதிகாரத்தை இங்கே கொடுத்தால் முதலில் அடிபடுவது பணமில்லாத உண்மையான சுயேச்சைதான். எனக்கு அதில் விருப்பமில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். 2015 முதல் இயந்திரத்தில் வேட்பாளர் படமும் வருகிறது. தபால்தலை அளவுக் கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லா மீசையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. 2025 பீகார் தேர்தலில் வண்ணப்படமும் பெரிய எழுத்தும் வந்தன. ஆனாலும் வயதானவர்கள் சின்னத்தைத்தான் தேடுகிறார்கள்.

பரமக்குடிக்காரன்:
அனைவருக்கும் நன்றி. செபூ கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அங்கேயும் இனிஷியல் உண்டா?" என்று கேட்கிறார்.

தொண்டி கப்பல்காரன்:
உண்டு என்று சொல்லுங்கள். செல்லாமல் போனவற்றில் 'சி. மார்ட்டினஸ்' என்று எழுதிய சீட்டுகளும் இருந்தன. இரண்டு பேர் பெயரிலும் 'சி' இருந்தது.