ஆஸ்பத்திரி பில்லும் இன்சூரன்ஸும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

ஜனவரி பிறந்தால் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் வருஷத்துக்கு நாம் கட்டவேண்டிய தொகை) மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அதற்குள் ஒரு கணக்கைத் தீர்த்த கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் ஏதாவது நடந்திருந்தால் ஊர் பெயரை மேலே போட்டு எழுதுங்கள். ஆஸ்பத்திரி பெயர், கம்பெனி பெயர் வேண்டாம். எங்கே சிக்கியது, எப்படி அவிழ்ந்தது என்பது போதும்.

என் கணவருக்கு 46 வயது. குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு நோயாளியிடம் ஒரு பைசா வாங்கக்கூடாது என்பது 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த உரிமை. முன்பு 50 வயதிலிருந்து இருந்த பரிந்துரை 2021இல் 45க்கு இறங்கியது. சரி, போனார். உள்ளே சின்னதாக ஒரு பாலிப், அதாவது குடல் சுவரில் வளரும் சதை. அங்கேயே எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் 1,380 டாலருக்கு பில் வந்தது. இன்சூரன்ஸைக் கூப்பிட்டால், "பாலிப் எடுத்ததால் அது ஸ்கிரீனிங் இல்லை, டயக்னாஸ்டிக்" என்கிறார்கள். அதாவது முன்கூட்டிப் பார்க்கும் தடுப்புச் சோதனை இல்லை, நோயைக் கண்டறியும் சோதனையாம். அது தவறு. ஸ்கிரீனிங்குக்குப் போன இடத்தில் பாலிப் எடுப்பதும், அதற்கான மயக்க மருந்தும், எடுத்ததை லேபில் பார்ப்பதும் ஸ்கிரீனிங்கைச் சேர்ந்தவைதான் என்று மத்திய அரசே விளக்கம் கொடுத்திருக்கிறது.

மொத்தச் சிக்கலும் இரண்டு இலக்கத்தில் இருந்தது. பில்லில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீட்டு எண் (கோடு) உண்டு, பாலிப் எடுத்ததற்கான கோடு 45385. அதன் வாலில் 33 என்ற மாடிஃபையர் (கூடுதல் விவரம் சொல்லும் துணை எண்) இருந்தால்தான் இது தடுப்பு மருத்துவம் என்று இன்சூரன்ஸ் கம்ப்யூட்டருக்குத் தெரியும். எங்கள் பில்லில் வாலைக் காணோம். டாக்டரின் பில்லிங் பிரிவுக்குப் போர்ட்டலில் எழுதினேன்: "45385உடன் 33 சேர்த்து, ஸ்கிரீனிங்குக்கான இசட்12.11 என்பதை முதல் டயக்னோசிஸாகப் போட்டு, கிளெய்மை மறுபடி அனுப்புங்கள்." புது இஓபி (யார் எவ்வளவு தரவேண்டும் என்று இன்சூரன்ஸ் அனுப்பும் கணக்குத் தாள்) வந்தபோது, நோயாளி தரவேண்டியது என்ற கட்டத்தில் 0.00.

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியோடு ஒட்டாத தனி எமர்ஜென்சி ரூம்கள் ஷாப்பிங் சென்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும். பார்வைக்கு அச்சு அசல் அர்ஜென்ட் கேர், அதாவது சின்னச் சின்ன அவசரங்களுக்கான கிளினிக். மீன் தொட்டி, காப்பி மெஷின், கூட்டமே இல்லை. ஒரு ஞாயிறு சாயங்காலம் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டான். நான் ஃபாரம் நிரப்பப் பேனாவை எடுக்கிறேன், என் மனைவி சுவரில் இருந்த நோட்டீஸை வாய்விட்டுப் படிக்கிறாள்: இங்கே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு நிகரான கட்டணம், ஃபெசிலிட்டி ஃபீ (இடத்துக்கான தனிக் கட்டணம்) உண்டு, உங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் (இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிப் பட்டியலில்) நாங்கள் இல்லாமல் இருக்கலாம். டெக்சாஸ் சட்டப்படி அவர்கள் ஒட்டியே ஆகவேண்டிய நோட்டீஸ் அது. "வாடா கண்ணா, வேற இடம் போலாம்" என்று கிளப்பிவிட்டாள். இரண்டு மைல் தள்ளி அர்ஜென்ட் கேரில் நான்கு தையல், 75 டாலர் கோபே (ஒரு விசிட்டுக்கு நாம் கட்டும் நிலையான பங்கு). நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் நோட்டீஸ் எல்லாம் படிக்காதீர்கள், எது பக்கமோ அங்கே ஓடுங்கள்.

இன்னொன்று, என் ஆபீஸ் நண்பருடையது. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில், சர்ஜன் நெட்வொர்க்கில், மயக்க மருந்து டாக்டர் மட்டும் வெளியாள். அவரிடமிருந்து 2,900 டாலருக்குத் தனி பில். 2022 ஜனவரியிலிருந்து நோ சர்ப்ரைசஸ் ஆக்ட் இருக்கிறது. நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் நீங்கள் தேர்ந்தெடுக்காத வெளி டாக்டர் இப்படி மீதித் தொகையை உங்கள் தலையில் கட்ட முடியாது. சட்டத்தின் பெயரைச் சொல்லி இரண்டு வரி எழுதினார். பில் மறைந்தது.

அட்லாண்டா

அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஆம்புலன்ஸ் அதில் வரும், ரோட்டில் போகிற ஆம்புலன்ஸ் வராது. ஹெலிகாப்டரில் போனால் பாதுகாப்பு, வேனில் போனால் இல்லை! சில மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டிருக்கின்றன, உங்கள் மாநிலத்தில் உண்டா என்று பாருங்கள்.

கேரி, வட கரோலினா

கணவன் மனைவி இருவருக்கும் வேலை வழி இன்சூரன்ஸ் இருக்கிற வீடுகளுக்கு மட்டும் இது. என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. மஞ்சள் காமாலைக்காக இரண்டு நாள் விளக்கடியில் வைத்தார்கள். மாப்பிள்ளையின் பிளான் நல்ல பிளான், தங்கையுடையது டிடக்டிபிள் பெரிதாக உள்ளது. குழந்தை பிறந்து 30 நாளுக்குள் பிளானில் சேர்க்க வேண்டும் என்பதால் இரண்டிலும் சேர்த்துவிட்டார்கள். கிளெய்ம் எல்லாம் மாப்பிள்ளை பிளானுக்குப் போனது, எல்லாம் திரும்பி வந்தது. காரணம் கேட்டால் 'பர்த்டே ரூல்' என்றார்கள்.

யார் பிறந்தநாள் தெரியுமா? குழந்தையுடையது இல்லை, அப்பா அம்மாவுடையது. காலண்டரில் யார் பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவர் பிளான்தான் குழந்தைக்கு முதல் பிளான். பிறந்த வருஷம் கணக்கில் வராது, மாதமும் தேதியும் மட்டும். தங்கை மார்ச், மாப்பிள்ளை அக்டோபர். என் அம்மா ஃபோனில் இதைக் கேட்டுவிட்டு, "இங்கே ஜாதகம் பார்த்துத்தான் கல்யாணம் பண்ணினோம், இதையும் சேர்த்துப் பார்த்திருக்கலாம்" என்றாள்.

முதலில் தங்கையின் பிளான், அது கொடுத்த இஓபியோடு மாப்பிள்ளை பிளான் என்று வரிசை மாற்றி அனுப்பியதில் பெரும்பகுதி சரியானது. பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கும் வீட்டில், ஒரே பிளானில் சேர்ப்பதா, இரண்டிலுமா என்பதைப் பிரசவத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒன்றில் மட்டும் சேர்த்தால் பொதுவாக இந்த விதி குறுக்கே வராது.

டிராய், மிச்சிகன்

வருடாந்தர உடல் பரிசோதனை இலவசம் என்கிறார்களே, அதில் எனக்கு 140 டாலர் பில் வந்தது. நடந்த பேச்சு இவ்வளவுதான்:

"வேறே ஏதாவது தொந்தரவு உண்டா?"

"மாடிப்படி ஏறினா முட்டி கொஞ்சம் வலிக்குது டாக்டர்."

முட்டியை மடக்கிப் பார்த்தார், ஒரு எக்ஸ்ரே எழுதினார். அவ்வளவுதான். பரிசோதனைக்கு ஒரு கோடு, முட்டிக்கு 99213 என்று இன்னொரு கோடு. இதில் யாரைக் குறை சொல்ல?

கொலம்பஸ், ஒஹாயோ

டிராய் சார், நான் ஒரு ஆஸ்பத்திரி பில்லிங் ஆபீஸில் கோடிங் பார்க்கிறேன், அதனால் அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். பரிசோதனையின் நடுவே புதுத் தொந்தரவைத் தனியாகக் கவனித்தால் 25 என்ற மாடிஃபையரோடு இன்னொரு விசிட் போட விதி இடம் கொடுக்கிறது. டாக்டர் எழுதிய குறிப்பில் அந்த வேலை தனியாகத் தெரிய வேண்டும், அதுதான் நிபந்தனை. எக்ஸ்ரே எழுதியிருக்கிறார் என்றால் உங்கள் விஷயத்தில் அது நிற்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் பழைய மாத்திரையையே தொடரச் சொன்னதற்கும், 'முதுகு எப்படி இருக்கு' என்று கேட்டதற்கும் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். அடுத்த தடவை டாக்டரிடமே, "இதைப் பேசினால் தனி பில் வருமா?" என்று கேட்டுவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சான் ஹோசே

இந்தியாவிலிருந்து பெற்றோரை அழைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். விசிட்டர் இன்சூரன்ஸில் இரண்டு ஜாதி. ஒன்று, ஒவ்வொரு சேவைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியது. மற்றது, டிடக்டிபிளுக்குப் பிறகு பாலிசித் தொகை வரை பெரும்பகுதியை ஏற்கும் காம்ப்ரிஹென்சிவ். முதல் ஜாதி விலை குறைவு, அதனால் அண்ணன் அதைத்தான் எடுத்திருந்தான். இரண்டிலுமே முன்பிருந்த சர்க்கரை, பிரஷருக்கு வழக்கமான சிகிச்சை கிடையாது. 'அக்யூட் ஆன்செட்' என்ற ஷரத்து இருந்தால், பழைய நோய் முன்னறிவிப்பில்லாமல் திடீரென்று முற்றும்போது மட்டும் கொடுப்பார்கள். அதிலும் வயது வரம்பு உண்டு.

அப்பாவுக்கு ஒரு ராத்திரி தலைசுற்றி, இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பாலிசி கொடுத்தது போக நின்ற தொகையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதலில் ஐட்டமைஸ்ட் பில், அதாவது ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பில், கேட்டேன். ஒரு பக்கத்தில் வந்தது எட்டுப் பக்கமாக விரிந்தது. ஒரே ஸ்கேன் ஒரே நாளில் இரண்டு இடத்தில் இருந்தது, ஒன்றை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் மலை மலையாகவே இருந்தது.

அமெரிக்காவில் லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் வரிவிலக்கு வாங்குகின்றன. அதற்குப் பதிலாக, எழுதி வைத்த நிதியுதவித் திட்டம் ஒன்று அவர்களிடம் இருந்தே ஆகவேண்டும். முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம், கலெக்‌ஷனுக்குப் (வசூல் ஏஜென்சிக்கு) போன பிறகும்கூட. சிலர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்திருப்பார்கள், இங்கே அப்படி இல்லை. நோயாளியின் வருமானச் சான்று கேட்டார்கள். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அம்மா தங்கநகைப் பெட்டிக்குக் கீழே வைத்திருந்த பென்ஷன் சீட்டைச் சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். தமிழில் இருந்ததை ஆங்கிலத்தில் எழுதி, ரூபாயை டாலராக்கிக் காட்டினேன். மாத வருமானத்தைப் பார்த்த ஆஸ்பத்திரி கவுன்சலர், "இது வாரத்துக்கா?" என்று கேட்டார். மீதியில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

நேப்பர்வில், இல்லினாய்

வேலை போனால் கோப்ரா (கம்பெனி இன்சூரன்ஸையே நம் செலவில் தொடரும் வசதி) கடிதம் வரும். அதில் இருக்கும் தொகையைப் பார்த்தால் மயக்கம் வரும், ஏனென்றால் கம்பெனி இதுவரை கட்டிய பங்கும் சேர்ந்து 102 சதவீதம் நம் தலையில். ஆனால் முடிவெடுக்க 60 நாள் இருக்கிறது. எடுத்தால் இன்சூரன்ஸ் நின்ற நாளிலிருந்தே பின்தேதியிட்டு அமலாகும். முதல் பணம் கட்ட அதற்கு மேலும் 45 நாள். நான் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டாம் மாதம் மகள் ஜிம்னாஸ்டிக்ஸில் மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அன்று இரவே எடுத்தேன், பின்பாக்கியைக் கட்டினேன். எலும்பு டாக்டரின் கம்ப்யூட்டரில் முதலில் 'இன்ஆக்டிவ்' என்றுதான் வந்தது, பிறகு கிளெய்ம் போனது. அது உடையாமல் இருந்திருந்தால் ஒரு டாலர்கூடச் செலவில்லை.

எச்1பி வேலை விசாக்காரர்கள் கவனிக்க: வேலை போன பிறகு விசா கொடுக்கும் 60 நாளும் கோப்ராவின் 60 நாளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. தொடங்கும் தேதிகூட வேறாக இருக்கும்.

சியாட்டில்

மாத்திரை வாங்கும்போது, "இன்சூரன்ஸ் இல்லாமல் என்ன விலை?" என்று கவுண்டரில் கேளுங்கள். முன்பெல்லாம் அதைச் சொல்லக்கூடாது என்று பார்மசிகளின் வாயைக் கட்டும் ஒப்பந்தங்கள் இருந்தன, 2018இல் தடை செய்தார்கள். என் கொலஸ்ட்ரால் மாத்திரை கோபேயைவிடக் கைக்காசுக்கு மலிவு. தொழிலதிபர் மார்க் கியூபனின் ஆன்லைன் பார்மசியான காஸ்ட் பிளஸ் டிரக்ஸ், குட்ஆர்எக்ஸ் என்ற தள்ளுபடிக் கூப்பன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒரு விஷயம், இப்படி வாங்கினால் அது பொதுவாக டிடக்டிபிளில் சேராது. வருஷத்தில் பெரிய ஆபரேஷன் இருந்தால் இன்சூரன்ஸ் கார்டிலேயே வாங்குவது மேல்.

கொலம்பஸ், ஒஹாயோ

மறுபடி நான்தான். உங்கள் கார்டில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் லோகோ இருக்கும். பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் பணம் போடுவது உங்கள் முதலாளியே, லோகோக்காரர் கணக்குப்பிள்ளை மட்டும். இதை 'செல்ஃப்-ஃபண்டட்' என்பார்கள். அப்படி இருந்தால் மாநில இன்சூரன்ஸ் துறைக்கு அதிகாரம் கிடையாது, மத்திய தொழிலாளர் துறைதான். ஆனால் உங்கள் எச்ஆர் பெனிஃபிட்ஸ் ஆள் சொன்னால் காரியம் நடக்கும், ஏனென்றால் பணம் அவர்களுடையது. எங்கள் ஆபீஸில் மாதக்கணக்காகக் கிடந்த கிளெய்ம்கள் அப்படி நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மறுத்துவிட்டார்கள் என்றால் அப்பீல் போட 180 நாள் இருக்கிறது. அதிலும் தோற்றால், மருத்துவத் தேவை பற்றிய மறுப்பு என்றால் வெளியாள் பரிசீலனை கேட்க நான்கு மாதம். ஃபோனில் கத்துவதைவிட, அப்பீலோடு டாக்டரின் கடிதம் ஒன்று வைப்பது பத்து மடங்கு வேலை செய்யும். ஃபோனில் பேசினால் யார் பேசியது, தேதி, ரெஃபரன்ஸ் நம்பர் மூன்றையும் எழுதி வையுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சி

180 நாள் எப்போதிலிருந்து எண்ணுவது?

கொலம்பஸ், ஒஹாயோ

மறுப்புக் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து. கவரைத் தூக்கிப் போடாதீர்கள் அக்கா, தபால் முத்திரை தேதி அதில்தான் இருக்கும். அப்பீலை ஃபேக்ஸில் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததாக வரும் தாளையும் பத்திரமாக வையுங்கள். ஆமாம், இந்தத் துறையில் இன்னும் ஃபேக்ஸ்தான்.