இதய வால்வு மாற்றியவருக்கு மாற்றுத்திறனாளி சான்று தள்ளுபடி: இனி என்ன வழி?

மண்டபம்கரை கேட்கிறார்:
அண்ணனுக்கு வயது 47. விசைப்படகில் கூலிக்குப் போனவர். சின்ன வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி, போன வருஷம் காப்பீட்டு அட்டையில் உலோக வால்வு வைத்தார்கள். எக்கோ ஸ்கேனில் இ.எஃப். (இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு) 35 சதவீதம். பளு தூக்கக் கூடாது, கடலுக்குப் போகக் கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டைக்கு இ-சேவையில் பதிந்தோம். 'கை கால் இயக்கக் குறைபாடு' என்று குறித்து, எக்கோவையும் ஆபரேஷன் தாள்களையும் ஏற்றினோம். மருத்துவக் குழு தள்ளிவிட்டது. ஆபரேஷனுக்கு எட்டு மாதம் முன்னால் இடது கை கால் இழுத்துக்கொண்டு, பிறகு பாதி சரியானது. திரும்ப மனுப் போடலாமா?

தொண்டிக்காற்று:
மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ரத்தக் கோளாறில் ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றும் உண்டு. இதய நோய் இல்லை. இ.எஃப். 35 ஆனாலும் 20 ஆனாலும் குழுவால் குறைபாட்டுச் சதவீதம் போட முடியாது, அதற்கான கட்டமே கிடையாது. இதயத்துக்குச் சதவீதம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பொய்யாகச் சலுகை பெற்றால் அதே சட்டத்தின் 91-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கடலாடி மருத்துவப்பணி:
மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் மனு தோற்ற காரணம் வேறு. குறித்த வகை சரி, ஏற்றிய தாள் தப்பு.

வால்வு சுருங்கினால் இடது மேலறை வீங்கி, துடிப்பு தாறுமாறாகும். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டி, கட்டி உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். 'இழுத்துக்கொண்டது' என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் அதுதான். பக்கவாதத்தால் மிஞ்சிய பலவீனம் இயக்கக் குறைபாட்டில் சேரும். குழு நோயை அளப்பதில்லை, நோய் உடம்பில் விட்டுப்போனதை அளக்கிறது. உங்கள் தாள்களில் இதயம் மட்டுமே இருந்தது, கை இல்லை.

இப்போது தேட வேண்டியது அந்தப் பக்கவாதத்தின் தாள்கள்: சேர்த்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி. ஸ்கேன் அறிக்கை, பிசியோதெரபி சீட்டு. நரம்பியல் பாதிப்பை ஆரம்பித்த நாளிலிருந்து 6 மாதம் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள், ஆகவே தேதி தெரியும் தாள் முக்கியம். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது.

அண்ணனைக் கூட்டிப் போகும்போது கை கால் உள்ளபடியே காட்டட்டும். தோளுக்கு மேல் கை எழும்புகிறதா, சட்டைப் பித்தானை இடது கையால் போட முடிகிறதா, விரல் எதையாவது இறுக்கிப் பிடிக்கிறதா, கால் தரையில் இழுபடுகிறதா என்று பார்ப்பார்கள். கூச்சப்பட்டு நல்ல கையால் எல்லாவற்றையும் செய்து காட்டுவது பலருக்கும் வரும் வினை. 'கயிறு பிடிச்சா நழுவுது' என்று உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள்.

பாதி சரியானது என்கிறீர்கள். 40 சதவீதத்துக்குக் கீழே வந்தால் வெள்ளை நிற யுடிஐடி அட்டைதான் கிடைக்கும், மாத உதவி வராது. இதை அண்ணனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரொம்ப நம்பி உடைந்துபோகக் கூடாது.

மண்டபம்கரை:
சி.டி. அறிக்கை இருக்கிறது, படத்தைக் காணோம். புது மனுவா, மேல்முறையீடா? கிடைத்தால் எவ்வளவு?

தொண்டிக்காற்று:
அறிக்கை இருந்தால் போதும். படம் வேண்டுமென்றால் எடுத்த இடத்தில் பதிவெண் சொல்லி மறுபிரதி கேளுங்கள். தள்ளுபடி தேதியிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எப்படி எழுதுவது, எந்த அதிகாரிக்கு என்பதை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். தள்ளுபடித் தாளைக் கையில் கொண்டு போங்கள்.

வருவாய்த் துறை உதவித்தொகைக்கு 40 சதவீதம் வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய். 75 சதவீதமும் அதற்கு மேலும் கடும் பாதிப்பு என்றால் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்புத் தொகை 2,000. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் தகப்பனார் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'முனியசாமி', இன்னொன்றில் 'முனியாண்டி' என்றிருந்தால் பணம் அங்கேயே நின்றுவிடும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைத்ததையும் சரிபாருங்கள்.

சாயல்குடி வாசகர்:
சான்று கிடைக்காவிட்டாலும் சில வழிகள் இருக்கின்றன. முதல்வர் காப்பீட்டு அட்டையைக் கைவிட வேண்டாம்: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். வட்ட வழங்கல் அலுவலரிடம் அந்த்யோதயா அட்டைக்கு மனுக் கொடுங்கள், மாதம் 35 கிலோ அரிசி. நிலையான வருமானமே இல்லாத, தீராத நோயாளி தலைவராக இருக்கும் குடும்பத்தைப் பரிசீலிக்க அதில் இடம் உண்டு. மீனவர் விபத்துக் காப்பீட்டின் 5 லட்சம் இதற்கு வராது, அது விபத்துக்கு மட்டும்.

இறால் கம்பெனி, ஐஸ் பிளான்ட் மாதிரி இடத்தில் சம்பளத்தில் இருப்பவருக்கு வழி வேறு. இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வால்வு நோய் சிக்கலுக்கும் இதயச் செயலிழப்புக்கும் நீட்டித்த நோய்க்கால உதவி உண்டு: சராசரி ஊதியத்தில் 80 சதவீதம், 2 ஆண்டு வரை. ஆனால் 2 ஆண்டு தொடர் வேலையும் அதில் 156 நாள் சந்தாவும் வேண்டும். பிஎஃப் ஓய்வூதியத்தில், வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக முழு முடக்கம் வந்தால் 10 ஆண்டு சேவை தேவையில்லை, ஒரு மாதச் சந்தா போதும். அங்கே 21 வகைப் பட்டியல் கிடையாது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தபின் போனால் சிக்கல்.

கடலாடி மருத்துவப்பணி:
இன்னொன்று. உலோக வால்வு வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது. ஆபீஸ் ஆபீஸாக அலைகிற நாளில்தான் மறக்கும். விட்டால் வால்விலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும்) பரிசோதனை நாளன்று வேறு வேலை வைக்காதீர்கள், மாத்திரைச் சீட்டின் நகலை அண்ணன் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள்.