மோவாயில் தையல் போட்ட பையனுக்கு வாய் திறந்தால் தாடை இடப்பக்கம் ஒதுங்குகிறது

கேள்வி (பணி மருத்துவர்)

9 வயது. நாலு நாளுக்கு முன் சைக்கிளிலிருந்து குப்புற விழுந்திருக்கிறான். மோவாய்க்கு அடியில் 2 செ.மீ. கிழிசல், 4 தையல். மயக்கம், வாந்தி இல்லை. நேராக எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. இன்று வாய் 22 மி.மீ.தான் திறக்கிறது, மோவாய் இடப்பக்கம் போகிறது. இடது காதுக்கு முன்னால் தொட்டால் சுளிக்கிறான். முதல் நாள் அந்தக் காதில் துளி ரத்தம் வந்ததாக அம்மா சொல்கிறார். வீக்கம் வடிந்தால் சரியாகிவிடுமா?

பதில் (முகத்தாடை அறுவை)

வீக்கம் என்று விட்டுவிடாதீர்கள். இடது கான்டைல் கழுத்து (காதுக்கு முன்னால் மூட்டில் சேரும் தாடையெலும்பின் மேல்முனைதான் கான்டைல்; அதன் உருண்டை நுனி தலை, அதற்குக் கீழே மெலிந்த பாகம் கழுத்து) முறிந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கப் பாருங்கள். மோவாயில் விழும் அடி தாடையெலும்பு வழியே மேலேறி, மெலிந்த அந்தக் கழுத்தில்தான் போய் முடியும். முறிந்த பக்கத் தசையால் தாடையை முன்னே தள்ள முடியாது. வலப்பக்கம் மட்டும் தள்ளுவதால் மோவாய் இடப்பக்கம் சாய்கிறது.

நேர் எக்ஸ்ரேயில் கான்டைல் மேல் மற்ற எலும்புகளின் நிழல் விழுந்து மறைத்துவிடும். ஓபிஜி (இரு தாடையும் ஒரே படத்தில் விரியும் எக்ஸ்ரே) ஒன்று, வாயைத் திறக்கவைத்து ரிவர்ஸ் டவுன் (தலையின் பின்னாலிருந்து கான்டைலைக் காட்டும் எக்ஸ்ரே) ஒன்று எடுங்கள். முன்னதில் முறிவுக்கோடு தெரியும், பின்னதில் கான்டைல் தலை உள்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியும். அப்படியும் சந்தேகம் என்றால் சிடி.

படம் வருவதற்குள் பல்லைக் கடிக்கச் சொல்லிப் பாருங்கள். இடது கடைவாய்ப்பல் முதலில் முட்டி மற்றவை சேராமல் நின்றால், முறிந்த பக்கம் குட்டையாகிவிட்டது. மாறாக இடது கடைவாய் சேராமல் இடைவெளி விட்டு, மோவாய் வலப்பக்கம் தள்ளி நின்றால், மூட்டுக்குள் ரத்தம் கட்டியது மட்டுமாக இருக்கலாம்.

கான்டைல் பின்னால் இடித்துக் காதுக்குழாயின் முன்சுவர் கிழிந்தால் இப்படி ரத்தம் வரும். ஆனாலும் ஓட்டோஸ்கோப் (காதுக்குள் பார்க்கும் கருவி) வைத்துப் பாருங்கள். செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம் நின்றால் மண்டையோட்டு அடித்தள முறிவாக இருக்கலாம், தாமதிக்காமல் சிடி. காதில் தண்ணீர் அடிக்கவோ பஞ்சு அடைக்கவோ கூடாது. நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் தாடை முன்பக்கமும் உடைந்திருக்கும்.

கேட்டவர்

படம் வந்தது. இடது கான்டைல் கழுத்து முறிந்து தலை உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. வேறு முறிவு இல்லை. இடது கடைவாய்தான் முதலில் முட்டுகிறது. காது உள்ளே சுத்தமாக இருக்கிறது. அறுவை செய்து பிளேட் (எலும்பை இணைக்கும் உலோகத் தகடு) வைக்க வேண்டுமா என்று அப்பா கேட்கிறார்.

பதில் (குழந்தைப் பல் மருத்துவம்)

இந்த வயதில் பெரும்பாலும் வேண்டாம். வளரும் கான்டைல் தானே திருத்தி வடிவெடுத்துக்கொள்ளும். கடி சரியாகச் சேர்ந்திருந்தால் மென்சோறும் பயிற்சியும் போதும். இவனுக்குக் கடி மாறியிருப்பதால் 7 முதல் 10 நாள் மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே ரப்பர் வளையம் மாட்டி வழிநடத்த வேண்டும். ஆர்ச் பார் (பல்வரிசையில் கம்பியால் கட்டும் உலோகப் பட்டை) இங்கே நிற்காது: பால் கடைவாய்ப்பல்லின் வேர் கரையத் தொடங்கியிருக்கும், கம்பியை இறுக்கினால் பல் ஆடிப்போகும். எலும்பில் திருகு போட்டால் உள்ளே காத்திருக்கும் நிலைப்பல் மொட்டில் இறங்கிவிடலாம். பல்லில் பிராக்கெட் (வளையம் மாட்டும் சிறு பிடி) ஒட்டி வளையம் மாட்டுவதே பாதுகாப்பு. வலிக்கு இபுப்ரோஃபென் கிலோவுக்கு 10 மி.கி., 8 மணிக்கொரு முறை, சாப்பாட்டுக்குப் பின்.

பதில் (முகத்தாடை அறுவை)

அந்த 10 நாளை நீட்டவே கூடாது. மூட்டுக்குள் கசிந்த ரத்தம் அசைவில்லாமல் கிடந்தால் எலும்பாகி மூட்டு ஒட்டிக்கொள்ளும். சின்னக் குழந்தைகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்: கான்டைல் கழுத்து குட்டை, அதன் தலை ரத்தம் நிறைந்த மெத்தென்ற எலும்பு, முறிவதற்குப் பதில் நசுங்கும்.

வளையம் கழற்றிய அன்றே பயிற்சி. கண்ணாடி முன் உட்கார்ந்து, முன்பல் நடுக்கோடு விலகாமல் 10 முறை திறக்க வேண்டும், தினம் 5 வேளை. விலகினால் விரலை மோவாயின் இடப்பக்கம் வைத்து நடுவுக்குத் தள்ளட்டும். திறப்பு 35 மி.மீ.க்குக் கீழே நின்றால் ஐஸ்கிரீம் குச்சிகளை முன்பற்களுக்கு நடுவே அடுக்கி, நாளுக்கு ஒன்றாகக் கூட்டுங்கள். ஒரு வாரம், ஒரு மாதம், 3 மாதம், 6 மாதம், பிறகு வளர்ச்சி முடியும்வரை வருடம் ஒரு முறை திறப்பை அளந்து எழுதி வையுங்கள். இடப்பக்கத் தாடை வளராமல் மோவாய் கோணினால் அந்த அளவிலும் தெரியலாம்.

பதில் (குழந்தைப் பல் மருத்துவம்)

இன்னொன்று, தையல் பிரிக்கும்போதே டார்ச் அடித்துக் கடைவாய்ப்பற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கீழ்ப்பல் மேல்பல்லில் மோதி முனை விரிசல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் வெளிச்சம் அந்தக் கோட்டில் நின்றுவிடும்.