பாழடைந்த கட்டடத்தில் மரம் வளர்ந்தால் அது ஏன் அழகாகத் தெரிகிறது?

கேள்வி: நிழல்வழி
அண்மையில் பூட்டப்பட்ட கட்டடத்தைப் பார்த்தால் வருத்தம்தான் வருகிறது. அதே கட்டடத்தின் கூரை சரிந்து, சன்னல் வழியே ஒரு மரம் கிளை நீட்டிவிட்டால் அங்கிருந்து கண்ணை எடுக்க முடிவதில்லை. சீனாவின் ஷெங்ஷான் தீவில், 1990-களில் மீனவர்கள் விட்டுச்சென்ற ஹௌதௌவான் ஊரின் படங்களில், கொடிகள் வீடுகளை முழுவதும் போர்த்தியிருக்க, கதவும் சன்னலும் இருந்த இடங்கள் மட்டும் கருமையாகத் திறந்து கிடக்கின்றன. நம்மை ஈர்ப்பது பசுமையா, பாழா?

மறுமொழி: தூரிகை
இரண்டும் கலக்கும் அளவுதான் என்பேன். கட்டியவரின் எண்ணம் இன்னும் புலப்பட வேண்டும். முழுதும் மண்மூடிவிட்டால் அது வெறும் மேடு. பிரெஞ்சு ஓவியர் உபேர் ரொபேர், லூவ்ர் அருங்காட்சியகத்தின் பெருங்கூடம் நல்ல நிலையில் இருந்தபோதே, அது கூரையிழந்து வானம் பார்த்து நிற்பதாக 1796-இல் ஒரு ஓவியம் தீட்டினார். அதிலும் வளைவுகளை அவர் விட்டுவைத்தார்; அவை இல்லாமல் இழந்தது எது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

மறுமொழி: சுண்ணாம்புச்சாந்து
கட்டடப் பராமரிப்பு என் தொழில். நீங்கள் அழகு என்பதை நாங்கள் சேதம் என்று குறித்துக்கொள்வோம். பெரும்பாலும் முதலில் பழுதாவது கூரை. மழைநீர் இறங்கியதும் சுவரில் பாசி படிகிறது, அதில் தூசி தங்கி மண்ணாகிறது, பறவைகளின் எச்சத்தில் வந்த ஆல், அரச விதைகள் விரிசல்களில் முளைக்கின்றன. சுண்ணாம்புச் சாந்து இளகியதாதலால் வேர் எளிதாக நுழைந்துவிடும். கான்கிரீட்டிலோ உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, தானே கான்கிரீட்டைப் பிளந்து வேருக்கு வழிவிடுகிறது. விந்தை என்னவென்றால், சுவரைப் பிளந்த வேரே நாளடைவில் அதைத் தாங்கவும் தொடங்குகிறது. அந்நிலையில் மரத்தை வெட்டினால், வேர் மட்கும்போது சுவரும் சரியக்கூடும்.

கம்போடியாவில் ஏழாம் ஜெயவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய தா ப்ரோம் கோயிலை, பிரெஞ்சு அறிஞர்கள் பெரும்பாலும் தாங்கள் கண்ட நிலையிலேயே விட்டுவைத்தார்கள். ஆனால் அப்படி விட்டுவைப்பதற்கே முட்டுக்கொடுப்பதும் சரிந்த கற்களை அடுக்குவதும் தேவைப்படுகின்றன. இந்தியத் தொல்லியல் துறையும் அப்பணியில் ஈடுபட்டிருக்கிறது. அங்கே நாம் ரசிக்கும் காட்டுத்தன்மை, ஆட்கள் வைத்துக் காக்கப்படும் ஒன்று.

மறுமொழி: கரையோரன்
எட்டு நூற்றாண்டுப் பழமையை ரசிப்பதில் யாருக்கும் வலியில்லை. உக்ரைனின் ப்ரிப்யாத் நகரம் அப்படியன்று. செர்னோபில் அணுஉலை விபத்துக்கு மறுநாள், 1986 ஏப்ரல் 27 அன்று, ஏறத்தாழ 49,000 பேர் மூன்றே நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பி அந்நகரை விட்டுப் புறப்பட்டார்கள். அதன் விளையாட்டரங்கில் இன்று நிற்கும் மரங்கள் எனக்கும் அழகாகவே தெரிகின்றன. அங்கே பந்தாடியவருக்கும் அப்படித் தெரியும் என்று சொல்லத் துணிய மாட்டேன்.

நிழல்வழி
அந்த வேறுபாடு நான் எண்ணாதது. சுண்ணாம்புச்சாந்து அவர்களுக்கு ஒரு கேள்வி: அப்படியானால் செடிகளை எப்போது அகற்றலாம்?

சுண்ணாம்புச்சாந்து
கையால் பிடுங்க முடிகிற பருவத்திலேயே. வேர் சுவருக்குள் பருத்துவிட்டால், பொறியாளர் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. ரோமின் கொலோசியத்தில் ரிச்சர்ட் டீக்கின் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1855-இல் 420 வகைத் தாவரங்களைப் பட்டியலிட்டார். 1870-களில் அவற்றில் பெரும்பகுதியை அகற்றினார்கள். கல்லுக்கு அது நல்லது என்பதே என் கருத்து, தூரிகை ஒப்புக்கொள்ள மாட்டார்.