டேக்கில் இருந்த விலை

திருப்பூர்க்காரன்:
2013-இல் பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் வீட்டுப் பக்கத்து பனியன் கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போனேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரை, அதாவது ஒன்றரை ஷிப்ட், ஷிப்மென்ட் அவசரம் என்றால் விடிய விடிய. என் பக்கத்தில் ஒரு அக்கா, பிசிறு வெட்டி வரும் பீஸுக்கு டேக் அடிப்பார். கடையில் விற்கும் விலை அச்சடித்த டேக்கே பையரிடமிருந்து, அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, வந்துவிடும், அதை நாங்கள்தான் மாட்ட வேண்டும். 12.99 யூரோ. "இது நம்ம காசுக்கு எவ்வளவு கண்ணு?" என்றார். அப்போது யூரோ எழுபது ரூபாய் பக்கம், தொள்ளாயிரம் வருதுக்கா என்றேன். "டஜனுக்கா?" இல்லை, ஒன்றுக்கு. சிரித்துவிட்டு அடுத்த பீஸை எடுத்தார். முழு ஷிப்டுக்கு அவருக்கு இருநூறு ரூபாய்கூட வராது.

அந்த ஏப்ரல் 24-இல்தான் டாக்காவை ஒட்டிய சாவரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தின நாளே விரிசல் தெரிந்து கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள், தைக்கிறவர்களை மட்டும் மறுநாள் மேலே ஏற்றினார்கள். அப்புறம் எங்கள் கம்பெனிக்கும் ஆடிட் வந்தது, கணக்கைப் பார்க்க அல்ல, வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பையும் வேலை நேரத்தையும் பார்க்க. முதல் நாள் ராத்திரி மருந்துப் பெட்டிக்குப் பஞ்சும் டிஞ்சரும் வாங்கி வைத்தார்கள், படிக்கட்டில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் காணாமல் போயின, "எட்டு மணி நேரந்தான் வேலை, ஓ.டி.க்கு டபுள் சம்பளம்" என்று சூப்பர்வைசர் எல்லோரையும் ஒப்பிக்க வைத்தார். எனக்குப் பதினேழு வயது, நாளைக்கு வராதே என்றார்கள்.

பிறகு படித்து மெர்ச்சண்டைசர் ஆனேன், கம்பெனி சார்பில் பையரிடம் ஆர்டர் பேசுகிற வேலை. அப்போதுதான் புரிந்தது, ஆடிட்டரை அனுப்புவதும் பையர்தான், பீஸுக்குப் பத்து சென்ட் குறை, இல்லையென்றால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போகும் என்று மெயில் போடுவதும் அதே பையர்தான். நூல் விலையில் கை வைக்க முடியாது, சாயக் கூலியிலும் முடியாது, மிச்சம் இருப்பது பீஸ் ரேட், ஒரு பீஸ் தைக்கக் கொடுக்கும் கூலி. காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அந்த மெயிலுக்கு 'ஓகே' என்று பதில் அடித்தவன் நான்தான், எத்தனையோ தடவை.

வேடசந்தூர்ப் பெண்:
துணிக்கு முன்னால் நூல் இருக்கிறதே. எங்கள் பெரியம்மா மகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் மில்லுக்கு அனுப்பினார்கள், சுமங்கலித் திட்டம் என்பார்களே அதுதான். முடிவில் மொத்தமாகப் பணம் வரும், நகை எடுத்துவிடலாம் என்று ஏஜென்ட் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். ஹாஸ்டலிலிருந்து வாரம் ஒரு போன், அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்க. இரண்டு வருஷம் எட்டு மாதத்தில் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தாள். மொத்தப் பணமா? மூன்று வருஷம் முடித்தால்தானாம்.

வன்னிக்காரி:
சண்டை முடிந்த பிறகு, கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் நாலு வருஷம் தைத்தேன். மணிக்கு இத்தனை பீஸ் என்று தலைக்கு மேலே போர்டில் எழுதுவார்கள். அதை எட்டிப்பிடித்தால் மறுநாள் எண் கூடிவிடும். ஆகவே எங்கள் லைனில் தமிழ், சிங்களம் என்றில்லாமல் எல்லோரும் பேசி வைத்து, டார்கெட்டுக்கு இரண்டு பீஸ் இருக்கும்போது கையைத் தளர்த்திவிடுவோம். சூப்பர்வைசர் கத்துவா. ஊசி மாற்றுகிறோம் மிஸ் என்போம்.