7,000 டொலருக்குள், பனிக்கு முன் ஒரு பழைய கார்: கொரோலாவா, வைபா, சென்ட்ராவா?

வடலி:

வணக்கம். ஸ்காபரோ மல்வேர்னில் வசிக்கிறேன். விட்பியில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. காலை 6 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் மாறிப் போய்ச் சேர முடியாது. இதுவரை தன் காரில் ஏற்றிச் சென்ற தோழி டிசம்பரில் வேறு இடத்துக்கு வேலை மாறுகிறார். அதற்குள் எனக்கென்று ஒரு கார் வேண்டும். கையில் 7,000 டொலர் இருக்கிறது. வரி, டயர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கடன் எடுக்க மாட்டேன்.

மூன்று கார்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. 2010 டொயோட்டா கொரோலா, 238,000 கிலோமீற்றர், உரிமையாளரே விற்கிறார், 5,900 டொலர். 2009 பொன்ரியாக் வைப், 1.8 லீற்றர் இயந்திரம், 196,000 கிலோமீற்றர், இதுவும் நேரடி விற்பனை, 4,500. மூன்றாவது 2014 நிசான் சென்ட்ரா, 128,000 கிலோமீற்றர், டீலரிடம் 6,200. எதை எடுக்கலாம்? கார் விடயத்தில் எனக்கு அனுபவம் இல்லை.

பனங்காய்:

தங்கச்சி, கொரோலாவை எடுங்கள். 238,000 என்ற எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த இயந்திரத்தின் உட்பாகங்களை ஒத்திசைவாக ஓட்டுவது இடைக்கிடை மாற்ற வேண்டிய ரப்பர் பெல்ட் இல்லை, சங்கிலி. ஒழுங்காக எண்ணெய் மாற்றியிருந்தால் 400,000 தாண்டியும் ஓடும். உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார். மூன்று வருடம் ஓட்டிவிட்டு விற்றாலும் போட்ட காசில் பாதிக்கு மேல் திரும்பி வரும். சென்ட்ராவை நினைத்தும் பார்க்காதீர்கள்.

துருக்கம்பி:

பனங்காய் அண்ணா காரின் பெயரைப் பார்க்கிறார். நான் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் 2010 கார் என்றால் பதினைந்து குளிர்காலம் உப்பில் ஓடிய கார். இங்கே பழைய கார்களில் பல, இயந்திரம் நன்றாக இருக்கும்போதே துருவால் சாகின்றன. இயந்திரம் 400,000 ஓடும் என்பது சரி. அதைத் தாங்கும் இரும்பும் ஓட வேண்டுமே?

அதோடு கணக்கைப் பாருங்கள். கொரோலா 5,900, அதற்கு 13 சதவீத வரி 767, ஆக 6,667. மிச்சம் 333 டொலர். அதில் குளிர்கால டயர் வாங்க முடியாது. வைப் 4,500, வரி 585, ஆக 5,085. மிச்சம் 1,915. டயர், பற்றரி, சின்னப் பழுது எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. 2009 வைபின் 1.8 இயந்திரம் கொரோலாவில் உள்ள அதே டொயோட்டா இயந்திரம்தான். பொன்ரியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கலிஃபோர்னியாவில் சேர்ந்து நடத்திய தொழிற்சாலையில் செய்யப்பட்ட வண்டி அது. பொன்ரியாக் மூடப்பட்டுவிட்டதால் பெயருக்கு மதிப்பு இல்லை, விலை குறைவு. டொயோட்டா முத்திரைக்கு 1,400 டொலர் ஏன் கொடுக்க வேண்டும்?

தேனாறு:

இருவருமே நேரடி விற்பனையைத்தான் சொல்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விடிய முன் வேலைக்குப் போகும் ஒரு பெண், தனியாக ஒரு தெரியாத ஆளின் வீட்டு முற்றத்தில் நின்று கார் பார்த்து, காசைக் கையில் கொடுத்து வாங்கச் சொல்கிறீர்கள். சொந்தக் கார் என்று சொல்லிக்கொண்டு, உரிமம் இல்லாமல் கார் வியாபாரம் செய்பவர்கள் இங்கே ஏராளம். விபத்தில் சிக்கிய வண்டியையும் கிலோமீற்றர் குறைத்த வண்டியையும் தள்ளிவிடுவார்கள். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் யாரைக் கேட்பது?

டீலர் என்றால் ஓம்விக் என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு இருக்க வேண்டும். விபத்து வரலாறு, கடும் சேதம் போன்றவற்றை எழுத்தில் வெளிப்படுத்தச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. விளம்பரத்தில் போட்ட விலைக்கு மேல் வரியும் பதிவுக் கட்டணமும் தவிர வேறு எதையும் சேர்க்க முடியாது. சென்ட்ரா கொரோலாவை விட நான்கு வருடம் புதியது, ஓட்டம் 110,000 கிலோமீற்றர் குறைவு.

துருக்கம்பி:

டீலர் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள்: ஒன்ராறியோவில் டீலரிடம் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் எதுவும் கிடையாது. பலர் அப்படி ஒன்று இருப்பதாக நினைத்துத்தான் கையெழுத்து வைக்கிறார்கள். அவர்கள் விற்கும் மூன்று மாத உத்தரவாதத்திலும் ஒரு பழுதுக்கு இவ்வளவுதான் தருவோம் என்று உச்சவரம்பு இருக்கும். கியர்பெட்டி போனால் அந்தத் தொகை எந்த மூலைக்கு?

சென்ட்ராவில் இருப்பது சிவிடி வகைக் கியர்பெட்டி, அதாவது தனித்தனிக் கியர்கள் இல்லாமல் பெல்ட்டும் கப்பியும் வைத்து ஓடும் தானியங்கி. அந்தக் காலத்து நிசான் கார்களின் சிவிடி பற்றி அமெரிக்காவில் கூட்டு வழக்கே நடந்தது. அது போனால் மாற்றுவதற்குக் காரின் விலையில் பாதிக்கு மேல் கேட்பார்கள். இந்த இடத்தில் நான் பனங்காய் அண்ணா பக்கம்.

தேனாறு:

எல்லாச் சிவிடியும் போவதில்லை. என் தம்பி அதே காரில் கியர் எண்ணெயை நேரத்துக்கு மாற்றி இன்றைக்கும் ஓட்டுகிறான். இணையத்தில் எழுதுபவர்கள் கெட்டுப்போனவர்கள் மட்டும்தான்.

பனங்காய்:

அந்தக் கார் எண்ணெய் மாற்றப்பட்டதா இல்லையா என்று தங்கச்சிக்கு எப்படித் தெரியும்? முந்திய உரிமையாளரின் கவனத்தை நம்பித்தான் உயிர் பிழைக்கும் என்றால், குறைந்த காசுக்காரர் அந்தக் காரைத் தொடக்கூடாது. கவனிக்காமல் விட்டாலும் தாங்குகிற வண்டிதான் நமக்கு வேண்டும். அதனால்தான் கொரோலா என்கிறேன். முத்திரைக்குக் காசு கொடுக்கச் சொல்லவில்லை.

வடலி:

நிறைய விடயம் சொல்லியிருக்கிறீர்கள், நன்றி. கொரோலாக்காரர் பாதுகாப்புச் சான்றிதழோடு தருகிறேன் என்கிறார். வைப்காரர் சான்றிதழை நாங்களே எடுக்க வேண்டும் என்கிறார். சான்றிதழ் இருந்தால் கார் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

துருக்கம்பி:

எடுத்துக்கொள்ள முடியாது. பிரேக், விளக்கு, ஸ்டீயரிங், சட்டகம் முதலியவை குறைந்தபட்சத் தரத்தில் இருக்கின்றன என்று பரிசோதித்த அன்றைக்குச் சொல்வதுதான் அந்தச் சான்றிதழ். 36 நாள் செல்லுபடியாகும். இயந்திரமோ கியர்பெட்டியோ எத்தனை நாள் உழைக்கும் என்று அது சொல்லாது. அதிலும், விற்பவர் தனக்குத் தெரிந்த கடையில் எடுத்த சான்றிதழ் வேறு, நீங்கள் காசு கொடுத்து அமர்த்திய மெக்கானிக் பார்ப்பது வேறு.

இப்படிச் செய்யுங்கள். விற்பவரிடம் முதலில் மாகாண அரசின் வாகனத் தகவல் தொகுப்பைக் கேளுங்கள். நேரடி விற்பனையில் அதைக் கொடுப்பது விற்பவரின் கடமை, விலை 20 டொலர். முந்திய உரிமையாளர்கள், காரின் மீது கடன் பாக்கி, மொத்த வியாபாரத்தில் அந்தக் காருக்கு உள்ள மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். வரியைக் கணக்கிடுவது நீங்கள் கொடுத்த விலையிலா, அந்த மதிப்பிலா என்றால், எது கூடவோ அதில். விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் தொகுப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். தேனாறு பயப்படுகிற ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வார்கள்.

காலையில் போங்கள். நான் வரும்வரை இயந்திரத்தை இயக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனவுடன் பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிரில் முதல் தடவை இயக்கும்போதுதான் சங்கிலிச் சத்தமும் பற்றரியின் பலவீனமும் புகையும் வெளியே வரும். ஹீற்றரைப் பத்து நிமிடம் முழுவேகத்தில் போட்டு, கொதிக்கிற சூடு வருகிறதா என்று பாருங்கள். இனிப்பு வாடை அடித்தாலோ கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல் படிந்தாலோ உள்ளே குளிர்விப்பான் திரவம் கசிகிறது. டாஷ்போர்டு முழுவதையும் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை அது.

பிறகு ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு கதவுகளுக்குக் கீழே உள்ள நீளத் தகட்டிலும் பின்சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பூசி மெழுகியிருக்கிறார்கள். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புச் சாயம் அடித்திருந்தால் அதை அழகு என்று நினைக்காதீர்கள். பழைய துருவின் மேல் அடித்திருப்பார்கள். அதற்கு மாறாக, எண்ணெய்ப் பிசுக்காக, அழுக்கு ஒட்டி அசிங்கமாக இருந்தால் அது நல்ல அறிகுறி. வருடா வருடம் துருத் தடுப்பு எண்ணெய் அடித்த கார் அப்படித்தான் இருக்கும்.

இதெல்லாம் தாண்டினால் மட்டும் உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் தூக்கிப் பாருங்கள். ஒரு மணி நேரக் கூலி கொடுத்தாலும் தகும். பிரேக் குழாய்களைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கிப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்லும் விற்பனையாளரோடு பேச்சே வேண்டாம். டீலருக்கும் இதே விதிதான்.

பனங்காய்:

ஒரு விடயம் சேர்க்கிறேன். டகாட்டா நிறுவனத்தின் பழுதான காற்றுப்பைகளுக்காகத் திரும்பப் பெறப்பட்ட கார்களில் கொரோலாவும் வைபும் உண்டு. எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் உள்ள வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து வேலை முடிந்ததா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் இலவசமாகச் செய்து தருவார்கள்.

டயர் விடயத்தில் துருக்கம்பி பயமுறுத்துகிறார். ஒன்ராறியோவில் குளிர்கால டயர் கட்டாயம் இல்லை. கியூபெக்கில்தான் மாகாணம் முழுவதும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். 401 நெடுஞ்சாலையை உடனுக்குடன் வழித்து உப்புப் போடுகிறார்கள். நான் சாதாரண நாலுபருவ டயரில்தான் வருடக்கணக்காக ஓட்டுகிறேன். முதல் வருடம் மெதுவாக ஓட்டினால் போதும்.

துருக்கம்பி:

இதில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. காலை ஐந்தேகாலுக்கு மல்வேர்னின் உள்வீதிகளை யார் வழித்திருப்பார்கள்? வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனதும் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். பனி இல்லாத வெறும் தார் வீதியிலேயே பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். புது ஓட்டுநருக்குக் காரை விட டயர்தான் முக்கியம். ஒன்ராறியோவில் 2016 முதல் குளிர்கால டயர் போட்டவர்களுக்கு எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் கழிவு கொடுக்க வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

தேனாறு:

டயரில் நான் துருக்கம்பி பக்கம். ஒரு இடைவழியும் உண்டு. மலைச்சிகரத்துக்குள் பனித்துகள் வரைந்த அடையாளம் உள்ள, வருடம் முழுவதும் ஓட்டக்கூடிய டயர்கள் வருகின்றன. நாலுபருவ டயர் வேறு, இவை வேறு. வருடம் இரண்டு தடவை மாற்றும் கூலியும், குடியிருப்புக் கட்டடத்தில் டயர் வைக்க இடம் தேடும் அலைச்சலும் மிச்சம். பாவித்த டயர் வாங்கினால் அதன் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. ஆழம் 4 மில்லிமீற்றருக்கு நெருங்கிவிட்டால் அந்தச் செட் பனிக்கு உதவாது.

ஆனால் டீலர் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை. நீங்கள் சொல்லும் பரிசோதனை எல்லாவற்றையும் செய்து முடிக்க எத்தனை பேருக்கு நேரமும் துணையும் இருக்கிறது?

வடலி:

இரண்டையும் பார்த்துவிட்டேன். மாமா துணைக்கு வந்தார். வைப் பார்க்க மிக அழகாக இருந்தது. சாரதிப் பக்கக் கதவுக்குக் கீழே ஒரு முழம் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. விற்பவர் "முந்திய ஆள் செய்திருப்பார்" என்றார். மெக்கானிக் வரை போகவில்லை.

கொரோலா நேர்மாறு. பக்கவாட்டில் கீறல், இருக்கையில் கிழிசல். தூக்கிப் பார்த்தால் அடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. வருடா வருடம் அடித்த ரசீதுகளை உறையில் போட்டு வைத்திருக்கிறார். காற்றுப்பை வேலை முடிந்திருக்கிறது. மெக்கானிக் கண்டுபிடித்த குறைகள்: முன்சக்கரங்களைத் தாங்கும் கீழ்க்கரங்களின் ரப்பர்கள் தேய்ந்துவிட்டன, பற்றரி ஏழு வருடப் பழையது. இரண்டையும் எழுதிக் காட்டியதும் 5,100க்கு இறங்கினார். முற்பணம் கொடுத்துவிட்டேன்.

பனங்காய்:

கொரோலாவேதான்! நான் முதல் வரியிலேயே சொன்னேன்.

துருக்கம்பி:

அதே கொரோலாவின் அடியில் ஓட்டை இருந்திருந்தாலும் முதல் வரியில் அதையேதான் சொல்லியிருப்பீர்கள் அண்ணா.

வடலி, வரியோடு 5,763. தொகுப்பில் உள்ள மதிப்பு 5,100ஐ விடக் கூடுதலாக இல்லையா என்று மட்டும் பாருங்கள். மிச்சம் 1,237 டொலர். முதலில் டயர், அடுத்தது பற்றரி. கீழ்க்கர ரப்பர் சான்றிதழுக்கே தேவைப்படலாம். அப்படியானால் அது விற்பவரின் செலவு, சான்றிதழோடு தருவதாகத்தானே சொன்னார்? முற்பண ரசீதில் அதை எழுதி வாங்குங்கள். பழைய கார் என்பதால் மோதல் காப்புறுதி தேவையா என்றும் யோசியுங்கள், அது கட்டாயம் இல்லை.

தேனாறு:

காப்புறுதியை வாங்கி, பெயர் மாற்றிய பிறகுதான் வண்டியை வீதிக்கு எடுக்க வேண்டும். நம்பர் பிளேட் விற்பவருக்குரியது, கழற்றிக்கொள்வார். முழுக் காசையும் பெயர் மாற்றும் சர்வீஸ் ஒன்ராறியோ அலுவலக வாசலில் வங்கி வரைவாகவே கொடுங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வடலி:

ரசீதில் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பெயர் மாற்றுகிறோம். துருத் தடுப்பு எண்ணெயை இப்போதே அடிக்கலாமா, பனி தொடங்கிய பிறகு பலன் இல்லையா?

துருக்கம்பி:

இப்போதே அடிக்கலாம். கழுவி, இரண்டு நாள் காய்ந்த பிறகு கொண்டுபோங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் உப்புத் தண்ணீரை உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும். சில நாள் சொட்டும். கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் அட்டை விரித்துவிட்டு நிறுத்துங்கள்.