'டபுள்' பியோனி: இரட்டைப் பூவா, அடுக்குப் பூவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பியோனி என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் வளர்ப்பு பற்றி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்ட ரகம் 'ஃபெஸ்டிவா மாக்சிமா'. பிரான்சில் மியெல்லே என்பவர் 1851-இல் வெளியிட்ட வெள்ளைப் பூ. இன்றைக்கும் தோட்டத்துக்கும் பூச்சாடிக்கும் விரும்பி வாங்குகிறார்கள். பெயரை ஒலிபெயர்த்து அப்படியே வைத்துவிட்டேன். ரகப் பெயர்களை மொழிபெயர்ப்பதில்லை என்பது பன்னாட்டு நடைமுறை. ஆனால் கூடவே வரும் 'டபுள்' (இதழ்கள் நிறைந்த பூ), 'ஏர்லூம்' (தலைமுறைகளாகக் கைமாறி வரும் பழைய ரகம்) இரண்டுக்கும் தமிழ் வேண்டும். முதலாவதற்கு 'இரட்டைப் பூ' என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை. இரண்டாவதற்கு 'மரபு ரகம்' சரியா?

———

> முதலாவதற்கு 'இரட்டைப் பூ' என்று எழுதினேன்

ஐயா, வணக்கம். 'இரட்டை' வேண்டவே வேண்டாம். இரட்டை வாழைப்பழம் என்றால் ஒட்டிக்கொண்ட இரண்டு பழம். அதே கணக்கில் இரட்டைப் பூ என்றால் ஒரு காம்பில் இரண்டு பூ என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பியோனியில் இந்தக் குழப்பம் நிஜமாகவே வரும். தண்டின் நுனியில் ஒரு பெரிய மொட்டும் அதற்குக் கீழே பக்க மொட்டுகளும் வைக்கிற செடி இது. நடுப்பூ பெரிதாக வேண்டுமென்றால் பக்க மொட்டுகளைச் சிறிதாக இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். 'இரட்டைப் பூ ரகம், பக்க மொட்டைக் கிள்ளவும்' என்று எழுதினால் ஒன்றுக்கொன்று முரணாகப் படாதா?

நம்மிடம் சொல் இல்லாமலா போயிற்று? அடுக்கு மல்லி, அடுக்கு நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி. எதிர்ப்பதமும் கூடவே இருக்கிறது: ஒற்றை நந்தியாவட்டை. பூ பறிப்பவர்கள் என்றைக்கோ தீர்த்துவைத்த விஷயம் இது.

பொருளும் இதில்தான் சரியாக உட்காருகிறது. ஓர் அடுக்குப் பியோனியை வெளியிலிருந்து இதழ் இதழாகப் பிரித்துப் பாருங்கள். உள்ளே போகப் போக இதழ் குறுகும். சிலவற்றின் ஓரத்தில் மகரந்தப்பையின் மஞ்சள் தடம் ஒட்டிக்கொண்டிருக்கும். மகரந்தத்தாள்களே இதழாக மாறிவிட்டதால் வந்த அடுக்கு அது. எண்ணிக்கை இரண்டு மடங்கானதால் வந்ததல்ல. இப்படி மாறியதை 'இதழ்த்தாள்' என்று சொல்லலாம் என்பது என் எண்ணம்.

'அடுக்கு' என்று வைத்துக்கொண்டால் மற்றவையும் தானாக வரும். 'செமி-டபுள்' அரையடுக்கு, அதில் நடுவே மகரந்தத்தாள்கள் தெரியும். வெளியே ஒரு வட்டம் அகன்ற இதழ், நடுவில் உருண்டைத் திரள், அதை ஆங்கிலத்தில் 'பாம்' என்கிறார்கள். நமக்குக் குண்டு மல்லி இருக்கிறது, 'குண்டடுக்கு' என்று சொல்லிவிடலாம். வெடிகுண்டு, உருண்டை இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது நல்ல பொருத்தம்.

அப்புறம், 'கட் ஃபிளவர்' என்பதற்குக் 'கொய்மலர்' ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அதைத் தொட வேண்டாம்.

———

அடுக்கு எனக்கும் சம்மதம். ஒரு தயக்கம் மட்டும் இருந்தது. அடுக்கு என்றால் ஒழுங்காக ஒன்றன்மேல் ஒன்று இருக்க வேண்டும், பியோனியின் நடு கலைந்து கிடக்குமே என்று. ஆனால் அடுக்குச் செம்பருத்தியின் நடுவும் கசங்கின துணி மாதிரிதான் இருக்கிறது, யாரும் பெயரை மாற்றவில்லை. சரி, விட்டுவிட்டேன்.

'மரபு ரகம்' பற்றித்தான் எழுத வந்தேன். பக்கத்திலேயே 'மரபணு மாற்று ரகம்' நிற்கிறது. அவசரத்தில் படிப்பவர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார். 'பாரம்பரிய விதை' என்பதும் பொருந்தாது. காய்கறியில் ஏர்லூம் என்றால் விதை வழியாகக் கைமாறி வந்தது. பியோனி ரகத்தை விதை போட்டால் தாயைப் போலவே வராது. கிழங்குத் தூரைப் பிரித்து, ஒரு துண்டுக்கு மூன்று முதல் ஐந்து கண் இருக்கும்படி நட வேண்டும். 1851-இல் வெளிவந்த அதே செடியின் துண்டுதான் இன்றும் நடப்படுகிறது. இதை நினைக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது. 'வழிவழி ரகம்' என்று வைக்கலாமா?

இன்னொன்று: கண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ஐ' என்பதைத் தயவுசெய்து 'மொட்டு' என்று எழுதிவிடாதீர்கள். உருளைக்கிழங்குக்குப் போல 'கண்' போதும். கண்ணுக்கு மேல் 5 சென்டிமீட்டருக்கு மிகாமல் மண் இருக்க வேண்டும். ஆழமாகப் போனால் இலை தழைக்கும், பூ வராது. இங்கே சொல் தவறினால் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஏமாந்து போவார்கள்.

———

இருவருக்கும் நன்றி. 'வழிவழி ரகம்' முதலில் நீளமாகப் பட்டது, இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னதும் பழகிவிட்டது. கொய்வதற்கேற்ற மொட்டுப் பருவத்துக்கு ஆங்கிலத்தில் மார்ஷ்மெலோ மிட்டாயின் பெயரை வைத்திருக்கிறார்கள். நான் 'மெத்து மொட்டு' என்று போட்டிருக்கிறேன். திருத்திய பத்தி இதோ:

"ஃபெஸ்டிவா மாக்சிமா, வழிவழி வந்த வெள்ளை அடுக்குப் பியோனி. மணமுள்ளது. நடு இதழ்கள் சிலவற்றில் மட்டும் குங்குமம் தெறித்தது போன்ற சிவப்புக் கீற்று இருக்கும். கொய்மலராக வேண்டுமானால் மொட்டை இரு விரலால் லேசாக அழுத்திப் பார்க்கவும். கோலிக்குண்டு போல் கடினமாக இருந்தால் சாடியில் விரியாமலே போகலாம். மெத்தென்று அமுங்கினால் அது மெத்து மொட்டு, வெட்டலாம். ஒற்றைப் பூவைவிட அடுக்குப் பூ இன்னும் சற்று இளகும்வரை பொறுக்க வேண்டும்."

'இதழ்த்தாள்' இந்தப் பத்தியில் இடம்பெறவில்லை, அடுத்ததில் வருகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.